ஐந்து குஞ்சுகளும் ஒரு நோட்டும்

உங்கள் வீட்டில் கோழி இருக்கிறதா? எத்தனை கோழி? போன மாதம் எத்தனை முட்டை கிடைத்தது? அதில் எத்தனை முட்டையைப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்? எத்தனை விற்றது?

"யாருக்குத் தெரியும்? கோழி அது பாட்டுக்கு மேயுது. முட்டை வந்தால் எடுக்கிறோம்" என்று சொல்வீர்கள். நம்மில் பலரும் அப்படித்தான் கோழி வளர்க்கிறோம்.

இந்தப் பாடத்தில் ஒரு குடும்பத்தின் கதை வருகிறது. அந்த வீட்டில் ஒரு சிறுமி கோழிக்குக் கணக்கு எழுதினாள். அதனால் என்ன நடந்தது? வாருங்கள், படிப்போம்.

பள்ளியில் கொடுத்த குஞ்சுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டம் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதியில் தமிழ் பேசும் மக்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கே உண்டு. நம் கதை அப்படிப்பட்ட ஓர் ஊரில் நடக்கிறது.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் என்று நான்கு பேர். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அம்மா சின்ன வயதில் பள்ளிக்குப் போனதில்லை. மகள் பிறந்த பிறகுதான் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பள்ளியில் மாணவர் கோழி வளர்ப்பு மன்றம் ஒன்று தொடங்கினார்கள். இருபது பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து பெட்டைக் குஞ்சுகள் கொடுத்தார்கள். குஞ்சுகளுக்கு 45 நாள் வயது. கூடவே ஓர் அட்டையும் ஒரு நோட்டும் கொடுத்தார்கள்.

மகள் கூடையோடு வீட்டுக்கு வந்தாள். அப்பத்தா எட்டிப் பார்த்தார். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை.

"எதுக்குக் கண்ணு இது? போன சித்திரையில நம்ம கோழி பதினாலும் ஒரே வாரத்துல செத்துச்சு. இதுவும் அப்படித்தான் போகும். நீ அழுதுட்டு நிப்பே" என்றார்.

மகள் பதில் சொல்லவில்லை. குஞ்சுகளுக்குப் பெயர் வைத்தாள். கருப்பி, செவலை, புள்ளி, சாம்பல், வெள்ளச்சி. நோட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பெயர்களையும் எழுதினாள்.

அட்டையில் என்ன இருந்தது?

இரவு வேலை முடிந்த பிறகு அம்மா அந்த அட்டையை எடுத்தார். விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏழாம் நாள் சொட்டு மருந்து: கொடுத்தாயிற்று. நான்காம் வாரம் சொட்டு மருந்து: கொடுத்தாயிற்று. எட்டாம் வாரம் ஊசி: போட வேண்டும்."

அம்மா விரல் விட்டு எண்ணினார். எட்டு வாரம் என்றால் 56 நாள். குஞ்சுக்கு இப்போது 45 நாள். இன்னும் 11 நாள்தான் இருக்கிறது.

"அத்தை, நம்ம பதினாலு கோழிக்கும் இந்த ஊசி போட்டோமா?" என்று கேட்டார்.

"கோழிக்கு யாரு ஊசி போட்டா? மாட்டுக்குப் போடுவாங்க" என்றார் அப்பத்தா.

அந்தப் பதினான்கு கோழிகள் ஏன் செத்தன என்று அம்மாவுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

வெள்ளைக்கழிச்சல்

கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் நோய் இது. வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இறக்கை தொங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். கால் இழுத்துக்கொள்ளும். தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தால் எல்லா வீட்டுக்கும் பரவும்.

இதற்கு இராணிகேத் நோய் என்றும் பெயர். இராணிகேத் என்பது இமயமலைப் பகுதியில் ஓர் ஊர். இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. 1920களில் இந்த நோயை அங்கே கண்டறிந்தார்கள். அதனால் அந்தப் பெயர் வந்தது. அதே மலைப் பகுதியில் முக்தேஸ்வர் என்ற ஊரில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எட்டாம் வாரத்தில் போடும் ஊசி மருந்து 1940களில் அங்கேதான் உருவானது.

இந்த நோய் வந்த பிறகு குணப்படுத்த மருந்து இல்லை. மஞ்சள், மிளகு, வெங்காயம் எது கொடுத்தாலும் நோய்க் கிருமி சாகாது. வருவதற்கு முன்பே தடுப்பு மருந்து போட வேண்டும். வேறு வழி கிடையாது.

ஐந்து கோழிக்கு ஊசி கிடைக்குமா?

மறுநாள் அம்மாவும் மகளும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த கால்நடை ஆய்வாளர் மருந்துப் புட்டி ஒன்றைக் காட்டினார்.

"இந்த ஒரு புட்டியில் நூறு கோழிக்கு மருந்து இருக்குங்கம்மா. திறந்து கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை வைக்க முடியாது. ஐந்து கோழிக்காகத் திறந்தால் மற்றதெல்லாம் வீணாகும். நூறு கோழியைச் சேர்த்துவிட்டுச் சொல்லுங்கள். நானே வந்து போடுகிறேன்" என்றார்.

ஊரில் யாரிடமும் நூறு கோழி இல்லை. ஆனால் எல்லோரிடமும் சேர்த்தால் நூறு கோழி இருக்குமே!

மன்றத்துப் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். பள்ளி விட்ட பிறகு தெருத் தெருவாகப் போனார்கள். "உங்க வீட்டுல எத்தனை கோழிங்க?" என்று கேட்டு எழுதினார்கள். தங்கள் குஞ்சுகளோடு வீட்டுக் கோழிகளையும் சேர்த்தார்கள். சேவல், பெட்டை, வளர்ந்த குஞ்சு எல்லாம் கணக்கில் வந்தன. எங்கள் கதைச் சிறுமியின் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் 13 வீடுகள். மொத்தம் 94 கோழிகள். மற்றத் தெருக்களுக்கு வேறொரு நாளைக் குறித்தார்கள்.

ஒரு பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவரிடம் ஒன்பது கோழிகள் இருந்தன. "ஊசி போட்டால் முட்டை நின்னு போகும். என் கோழியைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அவரோடு சண்டை போடவில்லை. நோட்டில் "வேண்டாம் என்றார்" என்று எழுதிக்கொண்டு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே ஆய்வாளர் வந்தார். மருந்தைப் பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் கொண்டு வந்தார். முந்தைய இரவு யாரும் கோழிகளைத் திறந்துவிடவில்லை. கூடையிலேயே இருந்ததால் விரட்டிப் பிடிக்கும் வேலை இல்லை. பெரியவர்கள் கோழியைப் பிடித்தார்கள். ஆய்வாளர் ஊசி போட்டார். பிள்ளைகள் எண்ணி எழுதினார்கள்.

ஐந்து கோழிகள் ஏற்கெனவே சோர்ந்து போயிருந்தன. நோயுள்ள கோழிக்கு ஊசி போடக் கூடாது. அவற்றை விட்டுவிட்டார். மீதி 89 கோழிகளுக்கும் ஒன்றரை மணி நேரத்தில் போட்டு முடித்தார்.

குஞ்சுகளை எப்படி வளர்த்தார்கள்?

இருப்பிடம்: அப்பா பழைய பலகைகளையும் மூங்கில் பட்டையையும் வைத்து ஒரு கூடு செய்தார். நீளம் 4 அடி, அகலம் 3 அடி. பத்துக் கோழிகள் இரவில் தங்க இது போதும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் கொடுத்து நிறுத்தினார். காற்று வந்து போகும். ஈரம் ஏறாது. எச்சம் கீழே விழும். அதை அள்ளிக் காய்கறிச் செடிகளுக்குப் போடும் குப்பையில் சேர்த்தார்கள்.

ஆனால் முதல் வாரமே ஒரு தவறு நடந்தது. கூட்டின் கதவுக்குக் கொக்கி இல்லை. கயிறு கட்டி வைத்திருந்தார்கள். ஓர் இரவு கீரிப்பிள்ளை நுழைந்தது. காலையில் சாம்பல் இல்லை. இறகு மட்டும் கிடந்தது. மகள் நோட்டில், "சாம்பல். கீரி பிடித்தது. கதவில் கொக்கி இல்லை" என்று எழுதினாள். அன்று மாலையே அப்பா கொக்கி வாங்கி வந்து போட்டார்.

தீவனம்: கோழி பகலில் மேய்ந்து பூச்சி, புழு, புல், விதை தின்னும். அது மட்டும் போதாது. கோழி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிராம் வரை தீவனம் கொடுக்க வேண்டும். நொய், தவிடு, சோளம், புண்ணாக்கு எது மலிவோ அதைக் கலந்து கொடுக்கலாம். காலையில் பாதி, மாலையில் பாதி. மாலையில் தீவனம் வைத்தால் கோழி தானாகக் கூட்டுக்கு வந்துவிடும்.

கரையான்: அப்பத்தா ஒரு பழைய வழியைச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மண்பானையில் காய்ந்த சாணியும் வைக்கோலும் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கரையான் உள்ள இடத்தில் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு நல்ல சத்து. செலவும் இல்லை.

முட்டை ஓடு: முட்டையிடும் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். இல்லாவிட்டால் முட்டை ஓடு மெல்லியதாக இருக்கும். கிளிஞ்சலை இடித்து ஒரு ஓட்டில் வைக்கலாம்.

தண்ணீர்: நல்ல தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தினமும் பாத்திரத்தைக் கழுவி மாற்ற வேண்டும்.

இந்த வேலைகளில் மகளின் பங்கு காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம்தான். பள்ளிக்கூடம் ஒரு நாளும் தடைப்படவில்லை. மன்றத்தின் முதல் விதி அதுதான். கோழிக்காகப் பள்ளிக்கு லீவு போடக் கூடாது.

மழைக்காலத்தில் வந்த சோதனை

அக்டோபரில் மழை பிடித்தது. பக்கத்து ஊரிலிருந்து யாரோ சந்தையில் கோழி வாங்கி வந்தார்கள். நோயும் கூடவே வந்தது. ஊசி வேண்டாம் என்ற பெரியவர் வீட்டில் ஒன்பது கோழிகளில் ஏழு செத்தன. ஊசி போட்ட வீடுகளில் அந்த நோய் பரவவில்லை.

செத்த கோழிகளைச் சிலர் வாய்க்காலில் எறியப் போனார்கள். அம்மா தடுத்தார். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கச் சொன்னார். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பாப்பா, அடுத்த ஊசி எப்ப?" என்று கேட்டார். மகள் அவர் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கருப்பி யாருடையது?

நவம்பர் தொடக்கத்தில் கருப்பி முதல் முட்டை போட்டது. பிறகு ஒவ்வொன்றாக மற்ற மூன்றும் போட்டன. எந்தக் கோழி என்றைக்கு முட்டை போட்டது என்று மகள் கோடு போட்டு வைத்தாள்.

தை பிறந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். வெகு நாள் கழித்து வந்திருக்கிறார். அப்பாவுக்குச் சந்தோஷம். "மச்சான் வந்திருக்கார். கறிச்சோறு போடாமல் அனுப்பறதா?" என்று சொல்லிக்கொண்டே கூட்டுக்குப் போனார். நல்ல எடையுள்ள கோழி கருப்பிதான். அதைப் பிடித்தார்.

மகள் வாசலில் நின்றாள். அழவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா அதுவரை அப்பா முன்னால் வாய்விட்டு எதையும் படித்ததில்லை. தப்பாகப் படித்தால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். அன்று படித்தார்.

"கருப்பி. நவம்பர் 19. டிசம்பர் 18. ஜனவரியில் இன்று வரை 9. மொத்தம் 46 முட்டை."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, இந்தக் கோழியை அவள் கையில கொடுத்தாங்க. அவள்தான் தண்ணி வச்சா, அவள்தான் கணக்கு எழுதினா. வளர்க்கிற வரைக்கும் பிள்ளையோடது, அறுக்கும்போது நம்மளோடதா? அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்றார் அம்மா.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பாவுக்கு முகம் வாடியது. விருந்தாளி முன்னால் கேட்டுவிட்டாரே என்று கோபம். ஆனால் கையிலிருந்த கோழியையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார்.

மாமாதான் முதலில் பேசினார். "46 முட்டை போட்ட கோழியை ஒரு வேளைச் சோத்துக்கு அறுக்கிறதா, மாப்பிள்ளை? எனக்கு முட்டைக் குழம்பு போதும்."

அப்பா கருப்பியைக் கீழே விட்டார். அது சிறகை உதறிக்கொண்டு ஓடியது.

அன்று இரவு நான்கு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். கருப்பிக்கும் ஒரு நாள் வயதாகும். முட்டை குறையும். அப்போது விற்கத்தான் வேண்டும். மகளும் அதை ஒத்துக்கொண்டாள். ஆனால் எப்போது, என்ன விலைக்கு என்பதை அவளையும் கேட்டுத்தான் முடிவு செய்வது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சையும் மகள் நோட்டில் எழுதினாள். அடியில் அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதக் கணக்கு

மகளின் நோட்டில் ஒரு மாதக் கணக்கு இப்படி இருந்தது:

நான்கு கோழிகள் போட்ட முட்டை: 72
வீட்டில் சாப்பிட்டது: 32
விற்றது: 40
ஒரு முட்டை 8 ரூபாய் வீதம் வரவு: 320 ரூபாய்
தீவனச் செலவு: 105 ரூபாய்
பூச்சி மருந்து: 15 ரூபாய்
மொத்தச் செலவு: 120 ரூபாய்
மிச்சம்: 200 ரூபாய்

இருநூறு ரூபாய் பெரிய பணம் இல்லை. ஆனால் 32 முட்டைகளும் வீட்டில் இருப்பவர்கள் வயிற்றுக்குப் போயின. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அதுவும் வரவுதான்.

மிச்சப் பணத்தில் பாதியை மகள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டார்கள். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். அதைத் தானே நடத்தலாம்.

பிள்ளைகள் மன்றம் புதிதல்ல

பிள்ளைகள் விவசாய மன்றம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் 1902ல் ஒரு பள்ளி அதிகாரி இப்படி ஒரு மன்றத்தைத் தொடங்கினார். அது பிறகு நாடு முழுவதும் பரவியது. தலை, மனம், கை, உடல்நலம் ஆகிய நான்கும் வளர வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் கொள்கை. நம் நாட்டில் 1952ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதன் பிறகு கிராமங்களில் இளைஞர் மன்றங்களும் இளம் விவசாயிகள் மன்றங்களும் அமைந்தன. கேரளத்தில் மாநிலக் கோழி வளர்ச்சிக் கழகம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சுகள் கொடுத்தது. 'குஞ்ஞுக் கைகளில் கோழிக்குஞ்சு' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

உங்கள் ஊரில் திட்டம் எதுவும் இல்லையா? பரவாயில்லை. பத்துப் பிள்ளைகளும், ஒரு நோட்டும், கூட நிற்க ஒரு பெரியவரும் இருந்தால் மன்றம் தொடங்கலாம்.

பெரியவர்கள் கவனிக்க

- கோழியைத் தொட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
- நோயுள்ள கோழியையும் செத்த கோழியையும் பிள்ளைகள் தொடக் கூடாது.
- கோழிகளோ வாத்துகளோ திடீரென்று நிறையச் செத்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்தியாவில் அது முதலில் 2006ல் மகாராஷ்டிரத்தில் வந்தது. 2014ல் கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு வந்தது. அது மனிதரையும் தாக்கக்கூடியது.
- சந்தையில் வாங்கிய கோழியை உடனே மற்றக் கோழிகளோடு விடாதீர்கள். இரண்டு வாரம் தனியே வைத்துப் பாருங்கள்.
- பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. அப்பத்தாவின் பதினான்கு கோழிகள் ஏன் செத்தன?
2. ஐந்து கோழிக்கு மட்டும் ஏன் ஊசி போட முடியவில்லை? பிள்ளைகள் என்ன செய்தார்கள்?
3. சாம்பலைக் கீரி பிடித்தது யாருடைய தவறு?

கணக்குப் போடுங்கள்

உங்கள் தெருவில் 12 வீடுகள். வீட்டுக்கு 7 கோழிகள். மொத்தம் எத்தனை? நூறு கோழிக்கு இன்னும் எத்தனை வேண்டும்?

பேசிப் பாருங்கள்

பிள்ளை வளர்த்த கோழியைப் பிள்ளையைக் கேட்காமல் விற்கலாமா? மனைவி வளர்த்த ஆட்டை மனைவியைக் கேட்காமல் விற்கலாமா? உங்கள் வீட்டில் என்ன வழக்கம்? வகுப்பில் எல்லோரும் பேசுங்கள்.

எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் வீட்டுக் கோழிகளின் பெயர்களை எழுதுங்கள். பெயர் இல்லாவிட்டால் இன்றே வையுங்கள்.